குடையின் மறுபாதி

அவள் அந்த நடைக் குழுவில் சேர்ந்த முதல் நாள் தூறிக்கொண்டிருந்தது. அதனால்தான் அது கண்ணில் பட்டது. அவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த பெண்மணி ஒரு பெரிய கறுப்புக் குடை வைத்திருந்தார். ஆனால் அதைத் தன் தலைக்கு நேராகப் பிடிக்கவில்லை. குடை இடது பக்கமாகச் சாய்ந்து யாருமே இல்லாத இடத்துக்கு மேல் விரிந்திருக்க, அந்த அம்மாளின் வலது தோள் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தது. காற்றுக்குச் சாய்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்குக் காற்றே இல்லை.

வேறொரு காலமாக இருந்தால் பக்கத்தில் போய், "குடையை நேரா பிடிங்கக்கா, நனையுறீங்க" என்று சொல்லியிருப்பாள். அப்படி நாலு பேரிடம் வலியப் போய்ப் பேசுகிற சுபாவம்தான் அவளுக்கு. இப்போது எதையும் கண்டும் காணாமல் விட்டுவிடப் பழகியிருந்தாள். நனைந்தால் நனையட்டும்.

அவள் ஒரு மருத்துவமனையில் காது பரிசோதனை செய்கிறவள். சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்துவாள். "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்பதுதான் அவள் நாள் முழுக்கச் சொல்கிற வாக்கியம். வீட்டிலும் மகளுடன் இதையே விளையாட்டாக்கி வைத்திருந்தாள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அம்மா எங்கிருந்தாவது சொடக்குப் போடுவாள், ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மெதுவாக. கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அந்தக் குட்டியின் காது பாம்புக் காது, விரல் உரசினாலே கை மேலே போய்விடும்.

போன வருஷம் இரண்டாவது பிரசவம் ஆயிற்று. பிள்ளை பிறந்தது, அழவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பிரசவ அறையில் இருந்த அத்தனை பேரும் அந்த ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள், அவளும் காத்திருந்தாள், வரவில்லை. அதற்கப்புறம் அவளுக்கு எதுவுமே சரியாகக் கேட்காததுபோல் இருந்தது. காதில் கோளாறு இல்லை, அதை அவளே சோதித்துப் பார்த்துக்கொண்டாள். எல்லாரும் துக்கம் என்றார்கள். துக்கமாக இருந்தால் தேவலை, அழுதாவது தீர்க்கலாம். அவளுக்கு ஒன்றுமே இல்லை. கடனே என்று எழுந்தாள், கடனே என்று சமைத்தாள், மகள் வந்து மடியில் விழுந்தால் ஒப்புக்குத் தலையைத் தடவினாள். சொடக்கு விளையாட்டு நின்றுபோனது. குழந்தை சில நாள் கேட்டுப் பார்த்து, பிறகு கேட்பதை விட்டுவிட்டது.

கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நல்ல மனுஷன், ஆனால் பேச்சு வராது. கடைசியில் அவனே ஒரு நாள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். "நம்ம தெருவுல சாயங்காலம் ஒரு வாக்கிங் குரூப் போகுதுல்ல... நீயும் போய்ப் பாரேன். நாலு பேரோட நடந்தா மனசு கொஞ்சம் லேசாகும். புள்ளைய நான் பாத்துக்கறேன்." அவள் சரி என்றாள். மாட்டேன் என்று சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

குழுவை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வேலை போனாலும் விசில் போகவில்லை, கழுத்திலேயே தொங்கியது. ஒரு விசில் கொடுத்தால் நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் போகலாம். நடைபாதை குறுகல் என்பதால் இரண்டிரண்டு பேராகத்தான் நடப்பார்கள். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று விசாரித்து, அந்த நிமிஷமே "காது மேடம்" என்று பேரும் வைத்துவிட்டார்.

"காது மேடம், இங்க எல்லாருக்கும் சீட்டு ரிசர்வ் பண்ணியிருக்கு. யாராவது வரலேன்னா அவங்க இடத்துல வேற ஆள் ஏறக் கூடாது. அப்படியே விட்டுட்டு நடக்கணும்" என்றார்.

"ஏன் சார்?"

"இன்னைக்கு வரலேன்னா நாளைக்கு வருவாங்க. வந்து பாக்கறப்ப இடம் இல்லேன்னா மனசு சுருங்கிடும் பாருங்க. நீங்க கடைசி வரிசை. ஜோடி கிடைக்கிற வரைக்கும் பக்கத்துல இடம் விட்டே நடங்க."

நல்ல பழக்கம்தான் என்று தலையாட்டி வைத்தாள். இப்படித்தான் கடைசி வரிசையில் நடக்க ஆரம்பித்தாள், பக்கத்தில் யாரும் இல்லாமல். அவளுக்கு முன் வரிசையில் அந்தக் குடைக்கார அம்மாள். தெரு முனையில் தையல் கடை வைத்திருப்பவர், எல்லாருக்கும் டெய்லர் அக்கா. டெய்லர் அக்காவின் இடது பக்கமும் காலியாகவே இருந்தது. மழை இல்லாத நாளிலும் அக்கா குடையைக் கையோடு கொண்டுவந்தார்; தூறல் விழுந்ததும் விரித்து அந்தக் காலி இடத்துக்குப் பிடித்தார்.

நடை ஒன்றும் பெரிய நடை இல்லை. விளக்குப் போடுகிற நேரத்துக்குக் கிளம்பி, பூட்டிய அச்சகம், பல் டாக்டர் வீடு, பாதி கட்டி நிறுத்திய கட்டடம், தண்ணீர்த் தொட்டி என்று சுற்றிக்கொண்டு, அவள் வீட்டு வாசல் வழியாகவே திரும்பி வருவார்கள். யாரும் அதிகம் பேசுவதில்லை, அது அவளுக்கு வசதியாக இருந்தது. கேட்பதற்குக் காலடிச் சத்தம் மட்டும்தான்: யாருடைய ஷூவோ கீச்சிட்டது, கண்டக்டரின் பூட்ஸ் தரையை அறைந்தது, டெய்லர் அக்காவின் ரப்பர் செருப்பு பட் பட்டென்று அடித்தது, அதன் இடது பக்கம், காலியான இடத்தில், இன்னொன்று.

டக். சர். டக். சர்.

ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுக்கிற நடை. அச்சகத்தின் இரும்புக் கதவில் பட்டுத் திரும்பும் எதிரொலி என்று முதலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவளிடம் அந்தச் சமாதானம் எடுபடவில்லை. எதிரொலி என்றால் பின்னால் வர வேண்டும். இது டெய்லர் அக்காவின் காலடிக்கு ஒரு இமைப்பொழுது முன்னால் வந்தது. அதை அவள் கவனித்தாள்; கவனித்துவிட்டு, எல்லாவற்றையும்போல அதையும் விட்டுவிட்டாள்.

பிறகு அந்தத் தண்ணீர் லாரி வந்தது. தொட்டிப் பக்கம் திரும்புகிற இடத்தில், ஹாரன் கூட அடிக்காமல், பின்பக்கமாகவே நடைபாதைமேல் ஏறி வந்தது. அவளுக்குப் பக்கத்தில் சுவர். பின்னால் லாரி. யோசிக்க நேரமில்லை, கால் தானாக முன்னால் பாய்ந்து டெய்லர் அக்காவின் இடது பக்கம் போய் நின்றது, குடைக்கு அடியில்.

லாரி உறுமிவிட்டுப் போனது. குடைக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது. தெரு முழுக்கச் சொதசொதவென்று இருக்க, அந்த ஓர் ஆள் நிற்கிற அளவு மட்டும் காய்ந்திருந்தது. கதகதப்பாகவும் இருந்தது, யாரோ எழுந்துபோன நாற்காலிபோல. வெகு நாள் பெட்டியில் கிடந்த துணியின் வாசனை வந்தது. அந்துருண்டையும் தையல் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. முன்னால் போனவர்கள் எல்லாரும் நின்றுவிட்டதை அப்போதுதான் உணர்ந்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார், ஊதவில்லை.

டெய்லர் அக்கா மெல்லச் சொன்னார், "அங்க ஆள் இருக்காங்களேம்மா."

குரலில் கோபம் இல்லை. தியேட்டரில் சீட்டு மாறி உட்கார்ந்தவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். அவள், "ஸாரிக்கா, லாரி வந்துச்சு" என்று வெளியே காலை எடுத்து வைக்கப் போனாள். அக்கா அதற்குள் கழுத்தைத் திருப்பி அவளுக்குப் பின்னால் பார்த்தார், அவள் விட்டுவிட்டு வந்த கடைசி வரிசையை. கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் இளகியது. குடையை அவள் தலைக்கு நேராகச் சரித்துப் பிடித்தார்.

"சரி விடுங்க. வந்துட்டீங்க. நடங்க."

இரண்டு விசில். எல்லாரும் நடந்தார்கள். பின்னால், அவள் இடத்தில், டக், சர். திரும்பிப் பார்த்தாள். ஈரச் சாலை, விளக்குக் கம்பம், யாரும் இல்லை.

அவள் வீட்டு வாசல் வந்தபோது அந்தக் காலடி அவளைத் தாண்டிக்கொண்டு போனது. அவசரமாகப் போனது, வெகுநாள் வெளியே காத்துக் கிடந்தவர் வீட்டுக்குள் ஓடுவதுபோல. மாடிப் படியில் ஏறும் சத்தம்கூடக் கேட்டது. அவர்கள் வீடு முதல் மாடி. அவள் மேலே போய்ச் சாவியைப் போட்டுத் திறந்தாள். டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவன் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்மா, மறுபடி கீழ போனியா? இப்பத்தானே வந்தே?"

அவள் நேராகப் படுக்கையறைக்குப் போனாள். கட்டிலில் அவள் பக்கத்துத் தலையணை அமுங்கியிருந்தது. கை வைத்துப் பார்த்தாள், சூடாக இருந்தது. முகத்தருகே கொண்டுபோனாள். அந்துருண்டை.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீடு தானாக ஒழுங்குக்கு வர ஆரம்பித்தது. நடைக்குப் போய்விட்டு வந்தால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். மகளின் பள்ளிக்கூடப் பாவாடையில் பிரிந்து தொங்கிய மடிப்பு பொடிப்பொடித் தையலாக ஏறியிருந்தது. அவளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டரில் மணிக்கட்டுப் பக்கத்துப் பொத்தான் அறுந்து மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. ஒரு நாள் பார்த்தால் சிவப்பு நூலால் இறுக்கித் தைத்திருந்தது. கணவன் செய்திருப்பானா? அவனுக்கு ஊசியில் நூல் கோர்க்கவே தெரியாது. அவன் முகத்தில்தான் ஒரு தெளிவு வந்திருந்தது. சாப்பிடும்போது தானாகச் சிரித்தான். "நீ தேறிட்டேம்மா. எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பாத்ரூமுக்குள் போனான்.

மகள் தூங்கப் போகும்போது கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நேத்துச் சொன்னியே, அந்த யானைக் கதை, அத மறுபடி சொல்லும்மா" என்றாள். அவள் எந்த யானைக் கதையும் சொல்லவில்லை.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், அவளுக்கு நிம்மதியாக இருந்தது. யாரோ வந்து செய்கிறார்கள். யாராக இருந்தால் என்ன? ஒரு வேலை மிச்சம். கொஞ்சிப் பேச வேண்டும், சிரிக்க வேண்டும், யானைக் கதை சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் ஓர் ஆள் கிடைத்துவிட்டால், இந்த உடம்பு பாட்டுக்குக் காய்ந்த குடையடியில் நடந்துகொண்டிருக்கலாம். நடை முடிந்தபிறகும் அவள் உடனே வீட்டுக்குப் போவதில்லை. டெய்லர் அக்காவோடு இன்னொரு சுற்றுப் போனாள். அக்காவும் ஏன் என்று கேட்கவில்லை.

"யாருக்கா அது, உங்க பக்கத்துல நடந்தது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"என் தங்கச்சி. பாவம், நடந்து நடந்து அவளுக்குக் கால் விட்டுப்போச்சு" என்றார் அக்கா. குடையைக் கை மாற்றிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவன் வேலை என்று போய்விட்டான். அவளும் குழந்தையும்தான் வீட்டில். அவள் சோபாவில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். குழந்தை தரையில் படம் வரைந்துகொண்டே பேசியது.

"அம்மா, நேத்து நீ கடைசியா போட்ட சொடக்கு ரொம்ப ரொம்ப மெதுவு. ஆனா நான் பிடிச்சிட்டேன்ல?"

அவள் நிமிர்ந்தாள். "எந்தச் சொடக்கு?"

"சொடக்கு விளையாட்டுதாம்மா. நாமதான் டெய்லி விளையாடறோமே."

எங்கோ உள்ளே சுருக்கென்றது. கை மரத்துக் கிடந்து, ரத்தம் திரும்ப ஓடும்போது குத்துமே, அப்படிக் குத்தியது. கதையை எடுத்துக்கொள்ளட்டும், பாத்திரத்தை எடுத்துக்கொள்ளட்டும், தலையணையையும் எடுத்துக்கொள்ளட்டும். இது அவளும் குழந்தையும் மட்டும் விளையாடுகிற விளையாட்டு. அதைப்போய் இன்னொருத்தி எப்படி எடுப்பாள்? வலித்தது. வலிக்கிறதே என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. எத்தனை காலத்துக்குப் பிறகு!

"இப்ப விளையாடலாமா?" என்றாள்.

குழந்தை துள்ளி எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டது. அவள் சோபாவில் இருந்தபடியே சொடக்குப் போட்டாள். கை தூக்கவில்லை. விளையாட்டுக் காட்டுகிறது என்று நினைத்து எழுந்து பக்கத்தில் போய், இன்னும் பலமாகப் போட்டாள். விரல் எலும்பு வலிக்கப் போட்டாள்.

"போடும்மா" என்றது குழந்தை.

"போட்டுட்டேன் கண்ணு."

"சீக்கிரம் போடும்மா."

"போட்டேன்டா. கேக்கலியா?"

குழந்தை அசையவில்லை. கண்ணை இறுக மூடி, உதட்டை மடித்துக்கொண்டு, ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றது.

சமையலறையில் இருந்து சத்தம் வந்தது. மெல்லிய சொடக்கு. விரலோடு விரல் உரசியது போல, அவ்வளவு மெதுவாக.

குழந்தையின் கை மேலே போனது.

அவள் சமையலறைக்கு ஓடினாள். யாரும் இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், சூடு. அந்துருண்டை வாசனை தொண்டை வரை அடைத்தது. அவளுக்குப் பின்னால், ஹாலில், குழந்தை சிரித்தது. குழந்தைக்குப் பக்கத்தில் டக், சர். அவள் திரும்பி ஓடி வந்தபோது குழந்தை மட்டும் இருந்தது, யாரையோ கட்டிப்பிடித்துவிட்டுக் கையை எடுத்ததுபோல.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் வேலைக்குப் போனாள். போயிருக்கக் கூடாது. ஆனால் வாசலில் நோயாளி காத்திருப்பார் என்கிற பழக்கம் காலை இழுத்துக்கொண்டு போனது. முதலில் வந்தவர் ஒரு தச்சர், முன்பே சோதனைக்கு வந்து பழகியவர். அவரை அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். கை தூக்கினார். குறைத்து அழுத்தினாள். தூக்கினார். மிகமிகக் குறைந்த சத்தத்துக்கும் தூக்கினார். காது பிரமாதமாக இருந்தது. கதவைத் திறந்து, "உங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க" என்றாள்.

அவர் அவள் வாயையே பார்த்தார். "மெஷின் சத்தமெல்லாம் நல்லாக் கேக்குதும்மா. நீங்க பேசறதுதான் ஒண்ணும் கேக்கல."

அவள் திரும்பச் சொன்னாள். கத்திச் சொன்னாள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் தலையைக்கூடத் தூக்கவில்லை. தச்சர் சங்கடமாகச் சிரித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவள் நிற்கிற இடத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸுக்குக் கை காட்டினாள், நிற்கவில்லை. நடந்தாள். ஓடினாள். இனி நடைக்குப் போகப்போவதில்லை, குடையும் வேண்டாம், குழுவும் வேண்டாம். வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். யானைக் கதை சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் கட்டிச் சொல்ல வேண்டும். ஓடும்போது அழுதாள், பிள்ளை பிறந்த அன்றைக்கு வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. எதிரே வந்தவர்கள் யாரும் ஒதுங்கவில்லை, அவள்தான் ஒதுங்கி ஒதுங்கி ஓடினாள்.

வந்து சேர்ந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. சாவியைப் போட்டாள். திரும்பவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது. கதவுக்குப் பின்னால் டிவி சத்தம், தட்டுச் சத்தம், குழந்தையின் பேச்சு. அழைப்பு மணியை அழுத்தினாள். கணவன் வந்து திறந்தான்.

"என்னங்க..."

அவன் அவளைத் தாண்டிப் படிக்கட்டைப் பார்த்தான். மேல் மாடிப் பக்கம் எட்டிப் பார்த்தான். அவன் சட்டையில் கிரீஸ் வாசனை அடித்தது. கை நீட்டினால் தொடலாம். தொட்டாள். அவன் கொசு உட்கார்ந்ததுபோல முழங்கையைச் சொறிந்துகொண்டு உள்பக்கம் திரும்பிச் சொன்னான்.

"யாரையும் காணோம்மா."

உள்ளே இருந்து பதில் வந்தது. அவள் குரல். அச்சு அசல் அவள் குரல், முன்பு இருந்த குரல், நாலு பேரிடம் வலியப் போய்ப் பேசுகிறவளின் குரல்.

"பசங்க யாராவது அமுக்கிட்டு ஓடியிருப்பாங்க. சாத்திட்டு வாங்க, ஆறிடும்."

கதவு மூடியது. தாழ் விழுந்தது. அவள் தட்டினாள். கத்தினாள். மகளைக் கூப்பிட்டாள். கதவுக்குப் பின்னால் யாருக்கும் கேட்கவில்லை.

கீழே ஒரு விசில்.

படியிறங்கிப் போனாள். எல்லாரும் வாசலில் நின்றிருந்தார்கள், இரண்டிரண்டு பேராக. தூறல் ஆரம்பித்திருந்தது. டெய்லர் அக்கா குடையை விரித்து இடது பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார்.

"அக்கா, என் இடத்த விட்டுத் தரச் சொல்லுங்க. உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்கக்கா. என் புள்ள உள்ள இருக்கு."

அக்காவுக்கு மட்டும் கேட்டது. பரிவோடுதான் பார்த்தார்.

"அந்த இடம் ரொம்ப நாளா காலியாத்தானேம்மா கிடந்துச்சு?"

"நான் அங்கதான்க்கா இருந்தேன்."

"இருந்தீங்களா?"

கடைசி வரிசைக்கு ஓடினாள், பழைய இடத்துக்கு. அங்கே புதிதாக ஒருவர் நின்றார். கழுத்தில் மஃப்ளர் சுற்றிய வயசாளி, இன்றைக்குத்தான் சேர்ந்தவர்போல. அவர் டெய்லர் அக்காவின் குடையையே குழப்பமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அது ஏன் இப்படிச் சாய்ந்திருக்கிறது என்று.

இரண்டு விசில். எல்லாரும் நடந்தார்கள். அவள் அசையக் கூடாது என்று நின்றாள். கால் நடந்தது. குடையடிக்குப் போய்ச் சேர்ந்தது. வலது கால் ஊன்றியது. இடது கால் இழுத்தது.

டக். சர்.

தெருவைக் கடந்து எதிர் நடைபாதைக்கு வந்தபோது வீட்டின் ஜன்னல் தெரிந்தது. திரை விலகியிருந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சம். குழந்தை ஜன்னலைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தது. உதட்டை மடித்திருந்தது. விளையாட்டு.

அவள் கையைத் தூக்கிச் சொடக்குப் போட்டாள். ஈர விரல். சத்தமே வரவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி போட்டாள். வந்தது. தூறலில் ஒரு துளி விழுந்த அளவுக்கு.

மேலே, குழந்தையின் தலை சாய்ந்தது. கேட்டது. அவளுக்குத் தெரியும், அந்தக் காது பாம்புக் காது. குழந்தையின் கை மெல்ல, சந்தேகமாக, மேலே எழுந்தது.

பின்னால் இருந்து இன்னொரு கை வந்தது. சாம்பல் நிற ஸ்வெட்டர். மணிக்கட்டில் சிவப்பு நூல் தைத்த பொத்தான். அந்தக் கை குழந்தையின் கையைப் பிடித்தது. மெதுவாக, ரொம்பப் பிரியமாக, கீழே இறக்கியது.

அவள் மறுபடி சொடக்குப் போட்டாள். மறுபடி. மறுபடி.

குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக, அடுத்த சத்தத்துக்குக் காத்துக்கொண்டு நின்றது.